இடுப்பில் கட்டிய வார்

ரோமாபுரியில் ஃபிலேரோஸைத் தெரியாத வாண்டுகூடக் கிடையாது. தேர்ப் பந்தயத்தில் பச்சை அணியின் தேரோட்டி. சுவரெல்லாம் அவன் பெயர்தான். என்ன பிரயோஜனம்? அவன் அடிமை. தேரும் குதிரைகளும் முதலாளி வெத்திதியஸுடையவை, இவனுடைய எலும்பும் அவருடையதுதான்.

இருபத்தாறு வயதுக்குள் இரண்டு தடவை விலா முறிந்திருந்தது. கூடத் தேரோட்டப் பழகியவர்களில் ஒருத்தன்கூட உயிரோடு இல்லை. விடுதலை கிடைத்த அன்றே சாட்டையைத் தூக்கி எறிந்துவிடுவதாக மனைவி கிரெஸ்தேயிடம் சத்தியம் செய்திருந்தான். சீரஸ் அம்மன் திருவிழாப் பந்தயத்தில் ஜெயித்தால் விடுதலை செய்துவிடுவதாக முதலாளியும் வாக்குக் கொடுத்தார்.

எங்கள் ஊர்த் தேரோட்டிகள் கடிவாள வாரை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். தேர் கவிழ்ந்தால் குதிரைகள் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடும். அறுத்துக்கொண்டு தப்பிக்க ஒரு வளைந்த கத்தி உண்டு.

ஏழாவது சுற்று, கடைசித் திருப்பம். ஃபிலேரோஸ்தான் முன்னால். நீல அணிக்காரன் வந்து சக்கரத்தில் இடித்தான், தேர் நொறுங்கியது. ஃபிலேரோஸ் மண்ணில் முகம் தேய இழுபட்டுப் போனான். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம், பல்லைக் கடித்துக்கொண்டால் போதும். ஆனால் பின்னால் குளம்புச் சத்தம் நெருங்கிவிட்டது. கத்தியை உருவி வாரை அறுத்துவிட்டான். யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள்!

குதிரைகள் நிற்கவில்லை. இடப்பக்கத்து வெள்ளைக் குதிரை நிவாலிஸ் மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு போய் முதலில் கோட்டைத் தாண்டியது. ஆள் இல்லாமல் ஓடினாலும் எங்கள் பந்தயத்தில் அது வெற்றிதான். ஜனங்களுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. இனி அந்தக் குதிரையைத் தேரில் பூட்டக் கூடாது, மேய்ச்சலுக்கு விட்டுவிட வேண்டும் என்று மைதானமே கத்தியது. வெத்திதியஸும் சிரித்தபடி சம்மதித்தார்.

ஃபிலேரோஸ் நொண்டிக்கொண்டே அவர் முன்னால் போய் நின்றான்.

"எசமான், வாக்குக் குடுத்தீங்களே?"

"ஜெயிச்சது குதிரைடா. நீதான் பாதியிலயே எறங்கிட்டியே."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாவிகள், காலையில் அவன் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியவர்கள்தான்!

அன்று காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டிய கிரெஸ்தே, "உசுரோட வந்தியே, அது போதாதா?" என்று கேட்டாள்.

அடுத்த பந்தயத்தன்று நிவாலிஸின் இடத்தில் புதுக் குதிரை பூட்டிய தேரின் வாரை ஃபிலேரோஸின் இடுப்பில் இறுக்கிக் கட்டிவிட்டு, லாயக்காரன் கத்தியை நீட்டினான். வேண்டாம் என்று சொல்லத்தான் ஃபிலேரோஸ் நினைத்தான். கை அதை வாங்கிச் செருகிக்கொண்டது.