‘ஏட்டி’ என்றது டேப்லட்

போன வாரம் புதன்கிழமை காலை. அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது... செய்தி வாசிப்பது போல, அவ்வளவு தெளிவாக, அவ்வளவு மரியாதையாக.

“ஏட்டி. காப்பி எங்க.”

தோசைக் கரண்டியோடு ஓடினேன். என் கணவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். மடியில் புது டேப்லட். பக்கத்தில் என் மகள் கயல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

முப்பது வருடமாக இந்த மனிதர் என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட்டிருக்கிறார். ஆனால் ஒரு பெண்ணின் வாயால் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை!

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாலு மாதத்துக்கு முன்னால் என் கணவருக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். நோய் போனது. கூடவே குரலும் போனது. இப்போது கழுத்தில் உள்ள சின்னத் துளை வழியாகத்தான் மூச்சு.

தென்காசியில் மோட்டார் பம்ப் கடை வைத்திருப்பவர் அவர். பம்ப் வாங்க வருகிறவர்களைவிட அவர் பேச்சைக் கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். அப்படிப்பட்ட மனிதர் நாலு மாதமாக ஆஸ்பத்திரியைத் தவிர வாசல் தாண்டவில்லை. கடையை மெக்கானிக் பார்த்துக்கொண்டார்.

நோட்டுப் புத்தகம் ஒன்று கொடுத்திருந்தோம். அதில் எழுதிக் காட்டுவார். ஆனால் அவர் எழுதி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். யாராவது வந்தால், அவர் எழுதுவதற்காக ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். அப்புறம் என்னிடம் திரும்பி, “இப்ப எப்படி இருக்காவ?” என்று கேட்பார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றி! நோட்டை மூடி வைத்துவிடுவார்.

அதனால்தான் கயல் கோயம்புத்தூரிலிருந்து இந்த டேப்லட்டை வாங்கி வந்தாள். “நீங்க டைப் பண்ணுங்கப்பா, அது பேசும்.”

சொல்வது சுலபம்தானே?

முதலில், திரை அவர் விரலை ஏற்கவே மாட்டேன் என்றது. மோட்டார் கழற்றிக் கழற்றிக் காய்த்துப்போன விரல். கயல் தொட்டால் துள்ளிக் குதிக்கிற டேப்லட், அவர் தொட்டால் கல் மாதிரி கிடந்தது. கடைசியில் புத்தகம் புரட்டுவது போல நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டு அழுத்தினார். வேலை செய்தது! ஆனால் ஒரு எழுத்தை அழுத்தினால் இரண்டு எழுத்து விழுந்தது.

அடுத்து, குரல். பெண் குரல் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கயல் ஆண் குரலுக்கு மாற்றினாள். ரயில் தாமதமாக வரும் என்று அறிவிக்கிறவர் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டார். இரண்டு வாக்கியம் கேட்டார். பெண் குரலே இருக்கட்டும் என்று சைகை செய்தார்.

மறுநாள் கயல் ஊருக்குக் கிளம்பினாள். டேப்லட் தலையணைக்கு அடியில் போனது. ‘பிடிக்கலியா?’ என்று கேட்டேன். நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார்: ‘அது பேசுது. நான் பேசல.’

டேப்லட்டை எடுத்துச் சார்ஜில் போட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துக் கடைக்காரர் சுல்தானிடமிருந்து டேப்லட்டில் மெசேஜ். என் கணவரும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது, ஐந்தருவிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தார். இரண்டு பேரும் ஒரு சீசனைக்கூட விட்டதில்லை. ஆனால் இனி இவருக்கு அருவிக் குளியல் கிடையாது. கழுத்துத் துளையில் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

டேப்லட்டை எடுத்து, ‘குற்றாலம் வரல. நீ போ’ என்று டைப் செய்தார். அனுப்பியும்விட்டார்.

பத்தே நிமிடத்தில் வாசலில் கார் நின்றது. சுல்தான் உள்ளே வந்தார்.

“மைனி, இவன் என்ன அனுப்பியிருக்கான்னு பாருங்க. ‘குற்றம் வரல’ன்னு போட்டிருக்கான்!”

டேப்லட் தானாகவே ‘குற்றாலம்’ என்பதைக் ‘குற்றம்’ என்று திருத்தியிருக்கிறது.

“குத்தம் ஒண்ணும் பண்ணாதவன் எதுக்கு வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கான்? கெளம்பச் சொல்லுங்க மைனி!”

இவர் தலையை ஆட்டி மறுத்தார். சுல்தான் விடவில்லை. “நீ குளிக்க வேண்டாம்லே. நான் குளிக்கேன், நீ என் சட்டையப் பார்த்துக்கோ. அந்த வேலைக்கு எனக்கு ஆள் இல்ல.”

எப்படியோ கிளம்பிவிட்டோம். நான் மறக்காமல் டேப்லட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஐந்தருவியில் நல்ல கூட்டம். சாரல் முகத்தில் ஊசி மாதிரி குத்தியது. பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சுவரில் இவரை உட்கார வைத்து, கழுத்தில் மறைப்புத் துணியைச் சரிசெய்து, குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுல்தான் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அரை டிராயருக்கு மேல் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.

இவர் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் நண்பரின் சட்டை. அதைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டே இருந்தார். கூட்டி வந்தது தப்போ என்று எனக்குத் தோன்றியது.

அரை மணி நேரம் கழித்து சுல்தான் திரும்பினார். கண் ரெண்டும் கோவைப்பழம். முதுகெல்லாம் சிவப்பு. நண்பரின் முகத்தைப் பார்த்ததும், தன் முகத்தைச் சட்டென்று சலிப்பாக மாற்றிக்கொண்டார்.

“தண்ணி ஒண்ணும் சரியில்லலே. எங்க வீட்டுக் குழாயில இதைவிட வேகமா வரும். நீ வராததே நல்லதாப் போச்சு.”

என் கணவர் அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். அப்புறம் என் பையைக் காட்டிக் கையை நீட்டினார். டேப்லட்டைக் கொடுத்தேன்.

நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு டைப் செய்தார். சாரல் துளி ஒன்று விழுந்து அதுவே ஒரு எழுத்தை அடித்தது. துடைத்தார். குடையை இன்னும் சாய்த்துப் பிடித்தேன். பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம், இவர் என்ன செய்கிறார் என்று திரும்பிப் பார்த்தது.

டைப் செய்து முடித்துவிட்டார். ஆனால் பேச வைக்கிற பொத்தானை அழுத்தவில்லை. விரலை அதன் மேலே நிறுத்திவைத்துக்கொண்டு, நிமிர்ந்து சுல்தானைப் பார்த்தார்.

அந்த மௌனம் சுல்தானுக்குத் தாங்கவில்லை. “சத்தியமாச் சொல்லுதேம்லே! ரெண்டே நிமிசத்துல போரடிச்சிட்டு. சும்மா நின்னுட்டு வாரேன்...”

அப்போதுதான் அழுத்தினார்.

அந்தச் செய்தி வாசிப்புக் குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல் கேட்டது:

“அது சரி சுல்தான். உன் துண்டு எந்தக் குழாயில போச்சுலே.”

சுல்தான் குனிந்து இடுப்பைப் பார்த்தார். டிராயர் மட்டும்தான் இருந்தது. இறுகக் கட்டிக்கொண்டு போன துண்டை அருவி அடித்துக்கொண்டு போயிருக்கிறது... அவருக்கே தெரியவில்லை!

முதலில் சிரித்தது பஜ்ஜிக் கடைக்காரர். அடுத்து அந்தக் குடும்பம். சுல்தான் சிரித்துச் சிரித்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “பாவி! பேச்சு வந்துட்டுலே உனக்கு... பேச்சு வந்துட்டு!”

என் கணவர் மறுபடியும் பொத்தானை அழுத்தினார். குரல் மறுபடியும் கேட்டது. இன்னொரு அலை சிரிப்பு. அவரும் சிரித்தார். சத்தம் வராது. தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வழியும், கழுத்திலிருந்து காற்று விசில் மாதிரி வரும். நாலு மாதமாகப் பார்க்காத சிரிப்பு. நான் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டேன். சாரல் பட்டுவிட்டது, வேறொன்றுமில்லை.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. பேச்சில் பாதிதான் குரல். மீதிப் பாதி, எந்த நொடியில் வாயைத் திறப்பது என்பது. அந்தப் பாதியை எந்த ஆபரேஷனும் தொடவில்லை. டேப்லட்டுக்கு அது தெரியாது, இவருக்குத் தெரியும். அதனால் பேசியது இவர்தான்!

திங்கட்கிழமை காலை, நான் எழுப்புவதற்கு முன்பே குளித்து, சட்டை போட்டு, டேப்லட்டைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். வடகரையிலிருந்து வந்த விவசாயி ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, டேப்லட்டோடு சரிக்குச் சரி வாதாடிக்கொண்டிருந்தார். “இல்லம்மா, எங்க கெணத்துல அவ்வளவு ஆழம் கெடையாது...” என்று அதைப் பார்த்தே பேசினார். என் கணவர் முகத்தில் ஒரு அசைவு இல்லை. சரியான நேரம் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

நேற்று எதிர்வீட்டு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஏக்கா, உங்க கடையில புதுசா ஒரு பொம்பளப்பிள்ள வேலைக்குச் சேர்ந்திருக்காமே? எப்படி... நல்ல பிள்ளதானா?”

“நல்ல பிள்ளதான்,” என்றேன். “வாய்தான் கொஞ்சம் நீளம்!”