பட்டில் ஒட்டும் வெள்ளை

அன்று ஏரிக்கரையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, படகுக்குச் சொந்தக்காரரான ஸ்டுடியோ தம்பி, கல்யாணப் பெண், பெண்ணின் அம்மா. மாப்பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறிவிட்டேன் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால் அவரைச் சேர்க்கவில்லை. இதை நான் இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏதாவது தப்பாகப் போனால் அதை யார் யார் பார்ப்பார்கள் என்று காலையிலிருந்து எண்ணிக்கொண்டே இருந்தேன்.

தப்பாகப் போவதென்றால் ஒரே ஒரு விஷயம்தான். பெண் கட்டியிருந்த பட்டுப் புடவையில் படகிலிருந்து வெள்ளை ஒட்டக் கூடாது.

எனக்கு ஏனாத்தூர் போகிற சாலையில் ஒரு ஷெட் இருக்கிறது. பைக், கார் கழுவி பாலிஷ் போடுவது தொழில். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கையில் பிடிக்கிற வேலை எதுவானாலும் செய்வேன், ஆனால் செய்து முடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது. முடித்த பிறகும் சில நாள் இறங்காது.

ஸ்டுடியோ தம்பி கல்யாண ஜோடிகளை வெளியே கூட்டிப்போய் படம் எடுக்கிறவர். கோயில் வாசலில் எல்லோரும் எடுக்கிறார்கள், நமக்கென்று ஒன்று வேண்டும் என்று கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி வந்து ஏரியில் விட்டிருந்தார். விட்டிருந்தார் என்றால் கயிறு கட்டி, முழங்கால் தண்ணீரில். படத்தில் நடு ஏரியில் இருப்பது போலத் தெரியும்.

ஒரு காலத்தில் அந்தப் படகு நல்ல சிவப்பாக இருந்திருக்க வேண்டும். பல வருஷம் வெயிலில் கிடந்து, சிவப்பின் மேல் சுண்ணாம்பு தடவியது போல வெளுத்துப் போயிருந்தது. தொட்டால் உள்ளங்கை வெள்ளையாகும். போன மாசம் மயில்கழுத்து நிறப் புடவையில் ஒரு பெண் அதில் உட்கார்ந்து எழுந்தபோது, பின்பக்கம் முழுக்க மாவு கொட்டியது போல ஆகிவிட்டது. அவர்கள் கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டதோடு நிற்கவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார்கள். பட்டு நெய்கிற இந்த ஊரில் கேமரா சரியில்லை என்றால் மன்னிப்பார்கள். பட்டைக் கெடுத்தான் என்றால் அவ்வளவுதான்.

ஸ்டுடியோ தம்பி படகை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார்.

"ணா, காரெல்லாம் பளபளன்னு பண்றீங்களே. இத்தையும் பண்ணிக் குடுங்க."

"காருன்னா பெயிண்ட் தம்பி. இது ஃபைபராச்சே."

"எல்லாம் ஒண்ணுதான் ணா. தேச்சா மின்னும். அடுத்த ஆர்டர் நெசவு வீட்டுப் பொண்ணு. அவங்க அம்மா போன்லயே கேட்டுட்டாங்க, படகு சுத்தமா இருக்குதான்னு. இதுவும் போச்சுன்னா நான் கடைய மூட வேண்டியதுதான்."

காரில் கை தவறினால் மறுபடி பெயிண்ட் அடித்துவிடலாம். படகின் மேல் பூச்சு எவ்வளவு கனம், தேய்த்தால் எப்போது தீர்ந்துபோகும், தீர்ந்தால் என்ன செய்வது, ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துக்கொள்ளும். எனக்கு வாய் திறந்துகொள்ளும்.

"ஒரு பொட்டு வெள்ள பொடவையில ஒட்டுச்சுன்னா எனக்குக் கூலியே வேணாம்பா" என்றேன்.

ஏழாயிரம் பேசி, இரண்டாயிரம் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவர் வண்டி மறைந்ததும் என் மனைவி கேட்டாள்.

"உன்ன யாருயா அப்டிச் சொல்லச் சொன்னது? அவன் கேட்டானா?"

"கேக்கல."

"கேக்காததுக்கு நீயே போயி கழுத்த நீட்டுவியா?"

படகை டயர்கள் மேல் கவிழ்த்து, சோப்புப் பவுடர் போட்டுக் கழுவினோம். அழுக்கு போனது, வெள்ளை போகவில்லை. தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், வாட்டர் பேப்பர், போட்டுத்தான் ஆக வேண்டும். பின்பக்க மூலையில், யாரும் பார்க்காத இடத்தில், கை அகலத்துக்கு ஆரம்பித்தேன். மனைவி சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். முதலில் பால் போல வெள்ளைத் தண்ணீர் வழிந்தது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிறகு தண்ணீர் ரோஸ் ஆனது. அப்புறம் சிவப்பு.

"நிறுத்து, நிறுத்து" என்றாள் மனைவி. "சாயம் போவுது."

நான் பேப்பரைக் கீழே போட்டுவிட்டேன். அவள் தறி வீட்டில் பிறந்தவள். நானும் தறிக்குப் பாவு நீட்டுகிற தெருவில் வளர்ந்தவன்தான். நனைத்த பட்டிலிருந்து நிறம் தண்ணீரில் இறங்கினால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயம் நிற்கவில்லை என்று அர்த்தம். சாயப் பட்டறைக்குப் போய்ச் சண்டை போட வேண்டும் என்று அர்த்தம். இந்தப் படகுக்கு எந்தப் பட்டறைக்குப் போவது?

இரண்டு பேரும் தேய்த்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் யோசித்துவிட்டு, "எங்க அண்ணன் பட்டறையில நெறம் நிக்கறதுக்கு ஒரு ஆசிட் ஊத்துவாங்களே, அத்தக் கொஞ்சம் தடவிப் பாப்பமா?" என்றாள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை. அவளே போய் ஒரு பாட்டிலில் வாங்கி வந்தாள். தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, படகின் மூலையில் ஒற்றி எடுத்தோம். ஷெட் முழுக்க ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போல வாசனை. பைக் விட வந்த ஒருவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "இன்னாணா, ஓட்டல் வெச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காய்ந்த பிறகு ஈரக் கையால் தேய்த்துப் பார்த்தேன். மறுபடி சிவப்பு.

அதன் பிறகு படகைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். மூடினால் மறந்துவிடலாம் என்று. ஷெட்டில் எங்கே நின்றாலும் அது கண்ணில் பட்டது. பாலிஷ் மெஷினை விற்றால் எவ்வளவு வரும், புதுப் படகு எவ்வளவு இருக்கும் என்று மனசு போய்க்கொண்டே இருந்தது. ஸ்டுடியோ தம்பி போன் செய்தபோது, "நடந்துக்கினு இருக்குது தம்பி" என்றேன். என் குரலே அவருக்குக் காட்டிக்கொடுத்திருக்கும். படகை விற்றவருடைய ஊரில் ஃபைபர் ஒட்டுப் போடுகிற ஒருவர் இருப்பதாகச் சொல்லி, நம்பர் கொடுத்தார்.

போன் எடுத்தவரின் பின்னால் காற்றுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"செவப்புப் படகத் தேச்சா செவப்புதான் வரும். வேற இன்னா, பச்சையா வரும்?"

"சாயம் போயிடாதுங்களா?"

"அது சாயம் இல்லப்பா. மேல இருக்குற தோலு முழுக்க அதே கலருதான். கெட்டுப்போன தோலு போனாத்தான் நல்ல தோலு வரும். பயப்படாம தேயி. ஆனா தோலு மெல்லிசு. உள்ள இருக்குற ஃபைபர் நாரு தெரிஞ்சுதுன்னா போச்சு, நிறுத்திடு."

"நாரு தெரியறதுக்கு முன்னாடி எப்டிங்க தெரிஞ்சிக்கறது?"

"தெரியாது" என்றார். சிரித்தார். வைத்துவிட்டார்.

ஒரு பயம் போய் அதைவிடப் பெரிய பயம் வந்தது. ஆனால் நாள் கையில் இல்லை. வேலையை ஆரம்பித்தோம். முரட்டுப் பேப்பர், பிறகு மெல்லிசு, பிறகு அதைவிட மெல்லிசு. ஓரங்களில் பூச்சு எப்போதும் கம்மியாக இருக்கும் என்பது கார் வேலையில் தெரிந்தது. அங்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு, கடைசியில் பிரித்துக் கையாலேயே தேய்த்தேன். மெஷினில் வைத்துப் பாலிஷ் போடுகிற காம்பவுண்ட் டப்பாவில் கார் படம் போட்டிருந்தது, படகுப் படம் இல்லை. அதற்கும் ஒரு கவலை. மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறி எரிந்துவிடும் என்று, எங்கும் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தேன். சத்தம் லேசாக மாறினாலும் கையை எடுத்துவிட்டு, குனிந்து, நார் தெரிகிறதா என்று பார்ப்பேன்.

"நீ தேய்க்கற நேரத்தவிட குனியற நேரந்தான் ஜாஸ்தி" என்றாள் மனைவி.

சிவப்பு வந்தது. முதலில் தண்ணீர் பட்டு ஈரமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். துடைத்தும் காயவில்லை. அதற்குப் பிறகுதான் அது ஈரமில்லை, நிறம் என்று புரிந்தது. ஷெட் கூரையின் கம்பி அதில் தெரிந்தது. அந்த ஒரு நிமிஷம் நான் எதைப் பற்றியும் கவலைப்படவில்லை என்று நினைக்கிறேன்.

மனைவி தன் அம்மா வீட்டிலிருந்து அரக்குப் பட்டில் ஒரு வெட்டுத் துண்டு கொண்டு வந்தாள். "இதால தொடச்சிப் பாரு. சரிகப் பக்கம் வேணாம், கீறிடும்." உட்காருகிற பலகை, பக்கம், மூக்கு, எல்லா இடத்திலும் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எங்கே வெள்ளை பட்டதோ அங்கே மறுபடி மெஷின். கடைசியில் துண்டு சுத்தமாக வந்தது.

ஒரு இடம் மட்டும் மிச்சம். படகின் மேல் விளிம்பு அண்டாவின் வாய் போல வெளிப்பக்கம் மடிந்திருக்கும். அந்த மடிப்புக்கு அடியில் மெஷின் நுழையாது. விரலில் பேப்பரைச் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். சாயம் போகிறது என்று மூடி வைத்த நாட்கள் இருந்திருந்தால் தேய்த்திருப்பேன். லாரி வந்து நின்றுவிட்டது. அங்கே மெழுகு மட்டும் தடவினேன். மெழுகு வெள்ளையை மறைக்கும், போக்காது. ஸ்டுடியோ தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

"தம்பி, விளிம்புக்கு அடியில மட்டும் பொடவ படாம பாத்துக்கோ. அது முடியல."

"அங்க யாருணா கொண்டுபோயி பொடவைய வெக்கப் போறாங்க?" என்றார், படகைத் தடவிக்கொண்டே. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் இன்னொரு தடவை சொல்லவில்லை.

ஏரிக்கரைக்கு நான் போக வேண்டிய அவசியமில்லை. வீட்டில் இருந்தால் இன்னும் மோசம் என்றுதான் போனேன். எனக்காக மனைவியும் வந்தாள்.

பெண் மாம்பழ நிறத்தில், அரக்குக் கரையும் முந்தானையும் வைத்த புடவை கட்டியிருந்தாள். அவளை ஏற விடுவதற்கு முன், அம்மா படகுக்குள் எட்டி, பலகையை உள்ளங்கையால் அழுத்தித் துடைத்து, கையைத் திருப்பிப் பார்த்தார். கை சுத்தமாக இருந்தது.

"பளபளன்னுதான் இருக்குது" என்றார். "போன மாசம் ஒரு பொண்ணுக்குப் பொடவ வீணாப்போச்சாமே?"

"அது போன மாசம்மா" என்றார் ஸ்டுடியோ தம்பி. "ணா ரெடி பண்ணிட்டாரு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன்.

படம் எடுக்க ஆரம்பித்தார்கள். பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள், திரும்பினாள், சிரித்தாள். எனக்கு அவள் முகமே தெரியவில்லை. விளிம்பு மட்டும்தான் தெரிந்தது. முந்தானை மடியில் இருந்தது. நல்லது. தோளில் இருந்தது. நல்லது.

"இப்ப கையத் தண்ணில விடும்மா" என்றார் ஸ்டுடியோ தம்பி, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்சம் சாஞ்சிக்கோ. முந்தி வெளிய தொங்கட்டும், நல்லா இருக்கும்."

"தம்பி" என்றேன். சத்தம் வரவில்லை. தேவையில்லாத இடத்தில் திறக்கிற வாய் அன்று அடைத்துக்கொண்டது. முந்தானை விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்து, அவள் சாயச் சாய, மடிப்புக்கு அடியில் உரசி உரசிப் போனது.

என் மனைவிதான் தண்ணீரில் இறங்கினாள். சேலை நனைய நடந்துபோய் அந்த முந்தானையைத் தூக்கிப் பிடித்தாள். அரக்கு நிறத்தின் மேல் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைக் கோடு.

பெண்ணின் அம்மாவும் இறங்கி வந்தார். "இன்னாது இது?"

நான் கரையிலிருந்து, "படகோட தூளுமா. சாயமில்ல, தூளுதான்" என்றேன். ஏன் சாயத்தைப் பற்றிப் பேசினேனோ.

அவர் முந்தானையை விரலால் சுண்டினார். கொஞ்சம் உதிர்ந்தது. மெழுகோடு ஒட்டியது அப்படியே நின்றது. ஸ்டுடியோ தம்பி கேமராவை இறக்கிவிட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

அந்த அம்மா முந்தானையை உள்பக்கமாக மடித்து, தன் ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டார். "எடுப்பா. நேரம் போவுது."

"அம்மா, பொடவ..." என்றார் ஸ்டுடியோ தம்பி.

"முகூர்த்தப் பொடவையக் கொண்டாந்து உன் படகுல ஒக்கார வெப்பனா? எனக்கு இன்னா பைத்தியமா? இது எங்க தறியில எழ விட்டுப்போச்சுன்னு கடைக்காரன் திருப்பின பொடவ. வேற பொண்ணுங்க நல்லதக் கட்டிக்கினு வருவாங்க, அதுக்குள்ள அந்த அடிப்பக்கத்தப் பாரு." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏம்பா இப்டி வேர்த்துக் கொட்ற? ஒக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை கம்பெனி யூனிஃபார்மோடு வந்து, படகைப் பார்த்து, "புதுசா?" என்று கேட்டார்.

மறுநாள் நானாகவே ஏரிக்குப் போய், தண்ணீரில் நின்றுகொண்டு, விளிம்புக்கு அடியில் விரலாலேயே தேய்த்து முடித்தேன். சிவப்புத் தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. அரக்குத் துண்டால் துடைத்துப் பார்த்து, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

கணக்குப் பார்க்கும்போது ஸ்டுடியோ தம்பி ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தார். "ஒரு பொட்டு ஒட்டுனா கூலியே வேணாம்னு சொன்னீங்களே ணா" என்று சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். மீதி ஆல்பம் காசு வந்ததும் என்றார். இப்போது அந்தப் படகில் வாரம் ஒரு ஜோடி உட்காருகிறது. விளிம்பைப் பற்றி நான் முன்னாலேயே சொன்னேனே என்று கேட்கலாம். கேட்டால் பொட்டைப் பற்றிப் பேச்சு வரும். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? மனைவி தினமும் "கேட்டியா?" என்கிறாள். நாளைக்கு என்கிறேன். வர வேண்டியது இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.