அம்மனுக்கு நேர்ந்த நடை

எங்கள் ஊரில் சும்மா நடக்க முடியாது. கடைக்கு நடக்கலாம், கோயிலுக்கு நடக்கலாம், செத்தவீட்டுக்கு நடக்கலாம். நடக்கவேண்டும் என்பதற்காகவே ஒரு குமர்ப்பிள்ளை விடிய எழுந்து நடந்தால் அது மூளை குழம்பிய விசர், இல்லாவிட்டால் காதல். இரண்டில் எது என்று தீர்ப்புச் சொல்ல வேலிக்கு வேலி ஆள் நிற்கும். வட்டுக்கோட்டைப் பக்கத்து எங்கள் ஒழுங்கையில் நான் படித்த பாடம் இது. பல்கலைக்கழகத்தில் படித்த ஒன்றும் இந்த அளவுக்கு எனக்கு உறைக்கவில்லை.

பட்டம் எடுத்துவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்த காலத்தில்தான் எனக்கு வருத்தம் வந்தது. நோய்தான், வருத்தம்தான் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அப்போது வீட்டில் அதற்குப் பெயர் பஞ்சி, வெறும் சோம்பல். எழும்பப் பஞ்சி, குளிக்கப் பஞ்சி, தலை இழுக்கப் பஞ்சி. முடி சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிட்டது. சோறு வாய்க்குள் போனால் மண் மாதிரி இருந்தது. விடியப்போகிறதே என்று பயமாக இருக்கும். ஏன் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பா இல்லை. அண்ணை சுவிஸில். அம்மா தொலைபேசியில் அழுததைக் கேட்டு அவர் எனக்கு வீடியோக்கள் அனுப்பத் தொடங்கினார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். எழுந்தவுடன் படுக்கையை மடிக்க வேண்டுமாம். கிடைத்ததற்கெல்லாம் நன்றி சொல்லப் பழக வேண்டுமாம். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒருவன் சொன்னான். படுக்கையை விட்டு எழும்ப முடியாதவளிடம் போய்ப் படுக்கையை மடி என்றால் அவள் எங்கே போவாள்? நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அம்மா முதலில் மந்திரித்த நூல் கட்டினார். பிறகு பார்வை பார்ப்பித்தார். இரண்டும் சரிவராமல் நான் சாப்பாட்டையே விட்ட பிறகுதான் ஆஸ்பத்திரி. அதுவும் பக்கத்து ஆஸ்பத்திரி இல்லை, அங்கே தெரிந்த சனம் நிற்கும். பஸ் மாறி, நெல்லியடியும் தாண்டிப் போனோம். பஸ்ஸில் ஊர் மனுசி ஒருத்தி எங்கே பயணம் என்று கேட்க, "பிள்ளைக்குப் பல்லு" என்றார் அம்மா. எந்தப் பல் என்று அவள் விடாமல் கேட்டாள். "கடவாய்ப் பல்லு" என்று அம்மாவே சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டேன்.

டொக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவ. அவசரப்படாமல் கேட்டா. குளிசை எழுதித் தந்துவிட்டுச் சொன்னா:

"குளிசை பாதி வேலைதான் செய்யும். மிச்சத்தை நீர்தான் செய்யவேணும். ஒரே நேரத்துக்கு எழும்பும். வெயில் ஏற முதல் வெளியிலை இறங்கி நடவும். படுக்கேக்கை போனைத் தலைமாட்டிலை வையாதேயும். ஆராவது ஒராளோடை மனம்விட்டுக் கதையும்."

"நடந்தால் மாறுமோ?" என்று அம்மா கேட்டார்.

"நடக்காட்டி மாறாது" என்றா டொக்டர்.

முதல் நாள் நான் நடந்தது எங்கள் வேலிப் படலையிலிருந்து ஒழுங்கை முடியும் சந்தி வரைக்கும்தான். அதற்குள் எதிர்வீட்டு மாமி தும்புத்தடியால் முற்றம் கூட்டிக்கொண்டு நின்று கேட்டுவிட்டா.

"எங்கை பிள்ளை, விடியக் காலமை?"

"சும்மா நடக்கிறன் மாமி."

"சும்மாவோ?"

அந்த 'ஓ' இருக்கிறதே, அது பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்கச் சுற்றி, எங்கள் குசினி அடுப்படிக்கே வந்துவிட்டது. உன்ரை பெட்டை ஆரைப் பாக்கச் சந்திக்குப் போறாள் என்று யாரோ அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அம்மா ஒரு மூடி கண்டுபிடித்தார். அடுத்த நாள் விடிய என் கையில் செவ்வரத்தம் பூக்கள் போட்ட தட்டு ஒன்றைத் தந்தார்.

"அம்மன் கோயில் மட்டும் நடந்து போட்டு வா. ஆரும் கேட்டா நேர்த்தி எண்டு சொல்லு."

"என்ன நேர்த்தி?"

"கலியாணம் பொருந்துமட்டும் காலமையிலை நடந்துவந்து கும்பிடுறன் எண்டு நேர்த்தி. நான் மாமிக்குச் சொல்லிப்போட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சண்டை பிடிக்கவும் உடம்பில் சத்தில்லை. தட்டை வாங்கிக்கொண்டு நடந்தேன். அன்றைக்கு ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. மாமி தும்புத்தடியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டைத் தொட்டுக் கும்பிட்டா.

இனிச் சொல்லப்போவதை அம்மாகூட நம்பமாட்டார். நடை வேலை செய்தது. முதல் கிழமை கால் இழுபட்டது. பிறகு வெங்காயத் தோட்டத்தில் வாய்க்காலுக்கு வாய்க்கால் தண்ணீர் மாறுகிற சத்தம் காதில் விழத் தொடங்கியது. ஈர மண்ணின் மணம் வந்தது. இவ்வளவு காலமும் அந்த மணம் அங்கேதானே இருந்திருக்கும்? ஒருநாள் கோயிலால் வந்து புட்டுக்கு இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டேன். அம்மா சம்பல் எடுக்கப் போனவர் குசினிக்குள் நின்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் இது வேறு அழுகை. பசி வந்ததற்கு அழுவதும் ஒரு சுகம்தான்.

ஆனால் சாமியின் பெயரில் வாங்கிய நடைக்குச் சாமியின் சட்டமெல்லாம் கூடவே வந்தது. மாதத்தில் அந்த நாள்களில் கோயிலுக்குப் போகக்கூடாது, ஆகவே நடக்கக்கூடாது. கனடாவில் பெரியப்பா முறையான ஒருவர் செத்தார். நான் கண்ணாலும் காணாத மனுசன். ஒரு மாதத் துடக்கு, சாவுத் தீட்டு. "துடக்கு வீட்டுப் பிள்ளை கோயில் ரோட்டாலை போனா சனம் காறித் துப்பும்" என்றார் அம்மா. அந்த ஒரு மாதமும் நான் கிணற்றடிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். துடக்குக் கழிகிற நேரம் சோறு திரும்பவும் மண்ணாகத் தொடங்கியிருந்தது. என் வருத்தத்துக்குத் துடக்குத் தெரியுமா, தீட்டுத் தெரியுமா? இதை யாரிடம் கேட்பது? மனம்விட்டுக் கதைக்கச் சொல்லியிருந்தா டொக்டர். வெளியில் ஒரு சொல் விடக்கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார் அம்மா.

துடக்குக் கழிந்து திரும்ப நடந்து, திரும்பத் தேறினேன். அப்போதுதான் மாமி சம்பந்தத்தோடு வந்தா. மாப்பிள்ளை பிரான்ஸில். தமக்கைக்காரி மாமிக்குத் தெரிந்த ஆள், கொழும்புத்துறையில் இருக்கிறா. "விடியக் காலமை பூத்தட்டோடை நடக்கிற பிள்ளையை இந்தக் காலத்திலை எங்கை தேடுறது" என்று மாமி அவவுக்குச் சொல்லியிருக்கிறா. சாதகம் பொருந்தியது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மன் கண் திறந்திட்டா."

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கினோம். சனிக்கிழமை விடிய நான் தட்டைத் தேட, தட்டு இல்லை.

"எங்கை போறாய்? நேர்த்தி முடிஞ்சுதெல்லே" என்றார் அம்மா.

"எணை அம்மா, நான் கலியாணத்துக்கோ நடந்தனான்?"

"கத்தாதை, மாமிக்குக் கேக்கும். குடுத்தாப் பிறகும் போய்க் கேட்டுக்கொண்டு நிண்டா அம்மன் என்ன நினைப்பா? சனம் என்ன நினைக்கும்? சம்பந்தம் குழம்பினதாக்கும் எண்டெல்லோ கதைக்கும். வெயில்லை கறுத்தும் போவாய்."

"டொக்டர் சொன்னவ..."

"இப்ப உனக்குச் சுகம்தானே. இனி உந்தக் குளிசையும் வேண்டாம். பொம்பிளை பாக்க வாற வீட்டிலை உது கண்ணிலை பட்டா என்ன எண்டு சொல்லுறது?"

குளிசையை எங்கே போட்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்குச் சுகம் வந்ததே நடந்ததாலும் குளிசையாலும்தான். சுகம் வந்துவிட்டது என்று சொல்லி இரண்டையும் பறித்தார். ஏணியில் ஏறியவளைப் பார்த்து, ஏறிவிட்டாய்தானே என்று ஏணியை இழுத்த கதை. அம்மாவில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் இல்லை.

தமக்கைக்காரி பார்க்க வந்த நாளில் நான் மூன்றாம் கிழமைப் படுக்கையில் இருந்தேன். அம்மா குளிக்கவார்த்தார், சிக்கெடுத்தார், சீலை உடுத்திவிட்டார், பவுடர் போட்டார். தேத்தண்ணித் தட்டைக் கையில் தந்து வாசலுக்கு விட்டார். நான் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ ஏதோ கேட்டா. என்ன கேட்டா என்று விளங்கப் பிந்தியது, மறுமொழி சொல்ல இன்னும் பிந்தியது. அம்மா எனக்காகச் சிரித்தார். மாமியும் எனக்காகச் சிரித்தா. என் முகம் மட்டும் அசையவில்லை.

இரண்டு நாள் கழித்து மாமி வந்து படலையடியிலேயே நின்று சொன்னா:

"பிள்ளையின்ரை முகத்திலை ஒரு தெளிவில்லையாம். வேறை இடம் பாக்கினமாம்."

அம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை. விறாந்தைத் தூணோடு சாய்ந்து இருந்தார். நடக்கவிட்டிருந்தால் தெளிவு இருந்திருக்கும் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியும்விட்டேன். அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"இப்ப அதைச் சொல்லி என்ன? நாளையிலையிருந்து திரும்ப நடக்கத் தொடங்கு. நேர்த்தியைப் புதுசா வைப்பம்."

விடிந்ததும் பூத்தட்டு திரும்பி வந்தது. நெல்லியடிக்கு அப்பால் போகும் பயணமும் திரும்பி வந்தது, மற்றக் கன்னத்துக் கடவாய்ப் பல்லுக்காக. சோறு மெல்ல மெல்லச் சோறாகியது. வெங்காயத் தோட்டத்தின் மணமும் வந்தது. அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது: ஒரு மாப்பிள்ளையும் பொருந்தாத வரைக்கும்தான் எனக்குக் கால் உண்டு. பொருந்திய அடுத்த நாளே தட்டு ஒளிந்துவிடும், குளிசை ஒளிந்துவிடும், நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பேன்.

இன்று காலையும் மாமி தும்புத்தடியோடு நின்றா. பாவம் பார்க்கிற முகம்.

"யோசியாதை பிள்ளை. அம்மன் கைவிடமாட்டா. நானும் உனக்காகக் கும்பிடுறன். கெதியிலை ஒண்டு பொருந்தும்."

விறுவிறு என்று நடந்தேன். இவ்வளவு காலமும் அந்தச் சந்நிதியில் அம்மா சொன்ன பொய்யைத்தான் தூக்கிக்கொண்டு நின்றேன், எனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. இன்றைக்குப் பூவை வைத்துவிட்டுக் கண்ணை மூடி, வாய்விட்டே கேட்டேன்.

"அம்மாளாச்சி, மாமி கேக்கிறதைக் குடுத்துப்போடாதை. நான் நடக்கவேணும்."

ஐயர் விபூதி தந்தார். "நல்ல இடமாய் அமையும்" என்றார். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குச் சுற்றுப் பாதையால் நடந்தேன்.