தர்சிகாவின் இரண்டு பாட்டுகள்

கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டி முடித்து, விரல் விறைக்க உள்ளே ஏறி உட்கார்ந்தபோது, வானொலியில் நான் பாடிக்கொண்டிருந்தேன். நம்பமாட்டீர்கள். நான்தான். நோர்வே வானொலியில், காலை வேளையில், ஒரு முருகன் பாட்டு. மகள் முன் இருக்கையில் காலை மடித்து வைத்துக்கொண்டு கேட்டபடி இருந்தாள். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் தர்சிகாவின் பெயரைச் சொன்னார்.

தர்சிகா யாரென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடித்தொண்டையில் தொடங்கி, கரகரத்து, ஒரு சொல்லைப் பிடித்தால் விடாமல் இழுத்து, கறுப்பு அமெரிக்கரின் சோல் இசையைப் பாடுகிற அந்தப் பாடகி. ஒஸ்லோவில் அவளுடைய கச்சேரிக்கு எங்கள் ஆட்களுக்கே நுழைவுச்சீட்டுக் கிடைப்பதில்லை. அன்று அவள்தான் நிகழ்ச்சியின் விருந்தாளி. யாரோ பழைய சாமான் சந்தையில் நாங்கள் சின்ன வயதில் பாடிய இசைத்தட்டைக் கண்டெடுத்து வானொலிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் அவள் பெயர் போட்டிருந்த பாட்டைத்தான் போட்டார்கள். “தன் பாணியைக் கண்டுபிடிப்பதற்கு முந்திய பதிவு. சுத்தமான குரல், ஆனால் உள்ளே ஒருவரும் இல்லை” என்றார் அறிவிப்பாளர். ஒருவரும் இல்லையாம். உள்ளே நான் இருந்தேன்.

மகள் மெந்தோல் இனிப்பு ஒன்றை வாயில் போட்டாள். அந்த மணம் வந்தால் எனக்குப் பங்கர்தான் ஞாபகம் வரும். ஒஸ்லோவின் புருசெத்தில் நாங்கள் இருந்த கட்டடத்துக்குக் கீழே, சண்டை வந்தால் ஒளிவதற்கென்று நோர்வேக்காரர் கட்டி வைத்த நிலவறை. தடித்த சுவர், இரும்புக் கதவு. ஊரில் குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்து தப்பி வந்த எங்கள் ஆட்கள், இங்கே தாங்களாகவே கதவுத் திறப்பு வாங்கிப் பங்கருக்குள் இறங்கினார்கள், பாட்டுப் பதிய. வெளிச்சத்தம் வராதென்பதால் தயா அண்ணை கண்டுபிடித்த இடம் அது. தயா அண்ணை பகலில் பஸ் ஓட்டுவார், சனிக்கிழமைகளில் எங்களுக்கு இசையமைப்பாளர். பதிவுக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு மெந்தோல் இனிப்பு கொடுப்பார். குரல் திறக்குமாம். எனக்குப் பல்லில் கூச்சம்தான் வந்தது.

எங்கள் வேலையின் ஒழுங்கு எப்போதும் தலைகீழ். முதலில் வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்தாகிவிட்டது. பிறகு சென்னையில் இசைத்தட்டின் அட்டை அச்சடித்து வந்தது, எங்கள் படங்களோடும் பெயர்களோடும், யார் எந்தப் பாட்டு என்ற விவரத்தோடும். வாத்திய இசையும் அங்கேயே செய்து வந்தது. பாட்டு மட்டும்தான் பாக்கி. அந்த இசையைச் சென்னையில் யாரோ ஒரு பெரிய பாடகிக்கு ஏற்ற சுருதியில் செய்திருந்தார்கள். அது எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது. தர்சிகாவுக்கு எட்டவில்லை.

“கண்ணை மூடிக்கொண்டு மேல போ பிள்ளை” என்றார் தயா அண்ணை. அவள் போனாள். குரல் உடைந்தது. ஏழெட்டுத் தரம் உடைந்தது. பிறகு அவள் தானாகவே கீழே இறங்கி, இசையை விட்டுவிட்டு, அந்த முருகன் பாட்டைத் தன் அடித்தொண்டையில் பாடத் தொடங்கினாள். பதிவுக் கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. முருகனிடம் கெஞ்சுகிற மாதிரி இல்லை, கணக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. எனக்கு உடம்பு புல்லரித்தது. இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. இசையின் சுருதியைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்போம் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. சென்னையிலிருந்து வந்ததில் கைவைக்க நாங்கள் யார்?

அவள் வீட்டுக்குப் போனபின் தயா அண்ணை என்னைக் கூப்பிட்டார். “அவளின்ரை ரெண்டு பாட்டையும் நீயே பாடிவிடு. அட்டை அடிச்சாச்சு, இனி மாத்தேலாது. ஆருக்குத் தெரியப்போகுது?”

தயங்கினேன் என்று எழுதத்தான் ஆசை. தயங்கவில்லை. இனிப்பை வாயில் அதக்கிக்கொண்டே போய் நின்றேன். அவளுடைய பதிவின் மேலேயே என்னுடையதைப் பதிந்தார். ஒரே பின்னேரத்தில் முடித்தேன், சந்தோசமாக.

விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதுதான் தர்சிகாவுக்குத் தெரிந்தது. மேடையில், எல்லாருக்கும் முன்னால். அவளுடைய அம்மா முன்வரிசையில் இருந்து அழுதா, பெருமையில். சொந்த மகளின் குரல் தெரியாத தாய் என்று அன்றைக்கு மனதுக்குள் நக்கலடித்தேன். அடுத்த நாள் சுரங்க ரயிலில் தர்சிகா என் பக்கத்தில் வந்து இருந்தாள். சண்டை பிடிக்கவில்லை.

“நான் பாடினது உனக்கும் பிடிக்கேல்லையோ?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆம்பிளைக் குரல் மாதிரி இருந்தது” என்றேன்.

அடுத்த நிலையத்தில் இறங்கிப் போனாள். அது அவளுடைய நிலையம் இல்லை. அதன்பின் அவள் பங்கர்ப் பக்கம் வரவில்லை. நோர்வேப் பிள்ளைகளின் பாடற்குழு ஒன்றில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டோம், கெட்டுப்போனாள் என்று கதைத்தோம். நானும்தான் கதைத்தேன். என் பாட்டு இன்னும் சில வருடம் ஓடியது. கலியாணத்தோடு நின்றுவிட்டது என்று கேட்பவர்களிடம் சொல்வேன். பொய். என்னைப்போலவே பாடுகிற இளம்பிள்ளைகள் வந்துவிட்டார்கள், கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு வீட்டிலும் பாடவில்லை.

வானொலியில் தர்சிகா என்ன சொல்லப்போகிறாள் என்று காரை எடுக்காமல் இருந்தேன். சொல்லிவிடு என்று நினைத்தேன். என் பெயரைச் சொல்லித் திட்டினாலும் பரவாயில்லை. அவள் சிரித்தாள். “சின்ன வயசு” என்று நோர்வே மொழியில் சொல்லிவிட்டுப் புதுப் பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையா, மறந்தே விட்டாளா? இரண்டில் எது நல்லதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நிலவறையில் இப்போது சைக்கிள்கள் நிற்கின்றன. தயா அண்ணை செத்துப் போய்விட்டார். பதினாறு வயதுத் தர்சிகா அடித்தொண்டையில் பாடிய முருகன் பாட்டு உலகத்தில் எங்கும் இல்லை. அதன் மேல் நான் இருக்கிறேன்.

மகள் வானொலிச் சத்தத்தைக் குறைத்தாள். அவளுக்கு நான் பாடிக் காட்டியதே இல்லை.

“முந்திப் போட்ட பாட்டுச் சரியான ஷேடலி, என்ன அம்மா?” என்றாள். ஷேடலி என்றால் இவர்களுடைய மொழியில் சலிப்பு. “நல்ல காலம், அவ உந்தக் குரலை விட்டிட்டா.”

“ஓம்” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.