பவுன் கேட்ட இரண்டாவது பரீட்சை

மராத்தி நாட்டுக்குப் பிழைக்க வந்த பவுனுக்குக் கசார்வாடிப் பட்டறையில் வேலை, வண்டிகளுக்குப் போகிற ரப்பர் வளையங்களைப் பிரிப்பது. நல்லதுக்கு ஒரு தொட்டி, பழுதுக்கு ஒரு தொட்டி. பழுதை மறுபடி ஒரு தடவை பார்க்காமல் தூக்கிப் போடக் கூடாது. கையைப் போலவே வாயும் வேகம் அவளுக்கு. அந்த வாயே அடைத்துப்போனது, பள்ளி திறந்ததும் பிரிவு பிரிக்க வைத்த பரீட்சையைப் பார்த்து மகள் ராஜியை முனிசிபல் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ‘சி’ பிரிவில் போட்டபோது. ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கான வகுப்பு ‘ஏ’ பிரிவுக்கு மட்டும்தான். ராஜியோ கணக்கென்றால் சோறு தண்ணீர் வேண்டாதவள்.

“நம்ம புள்ளைக்கு அவ்வளவுதான் போல,” என்றான் கணவன் துரைசாமி.

“ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்று சீறினாள். சீறினாளே தவிர, உள்ளே அவளுக்கும் அதே பயம்தான்.

பெற்றோர் கூட்டத்தில்தான் விஷயம் பிடிபட்டது. “பரீட்சையன்னிக்குக் காலையிலதான் ஊர்லேருந்து ரயில்ல வந்து இறங்கினோம்க்கா. எம்பையன் தூங்கித் தூங்கி விழுந்துக்கிட்டே எழுதினான்,” என்றாள் பக்கத்துத் தெரு பாத்திமா. பவுனுக்குச் சுருக்கென்றது. ஊர்க் கோயில் கொடைத் திருவிழா முடிந்து, டிக்கெட் கிடைக்காமல் அலைந்து, அவளும் அதே காலையில்தான் திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கினாள். ராஜியை முகம் கழுவவைத்து அப்படியே பள்ளிக்கு விரட்டினாள். விசாரித்தால், ‘சி’ பிரிவுத் தாய்மாரில் பீகார்க்காரி, குல்பர்காக்காரி என்று முக்கால்வாசிப் பேருக்கு இதே கதை! அடப் பாவிகளா, பிள்ளைகளின் மூளையையா பார்த்தீர்கள், ரயில் வந்த நேரத்தையா?

தலைமையாசிரியை ஷீலா மேடம் கெட்டவள் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் பவுனைத் தனியாக அறைக்குள் கூப்பிட்டாள்.

“பவுன் தாயி, உங்க பொண்ணை மட்டும் நாளைக்கே ‘ஏ’வில உட்காரவைக்கிறேன். வெளியே சொல்லாதீங்க,” என்றாள் மராத்தியில். ‘தாயி’ என்றால் அங்கே அக்கா.

ஆசை யாரை விட்டது? பவுன் தலையாட்டவே போனாள். அப்போதுதான் கதவோரம் நின்ற பாத்திமா கண்ணில் பட்டாள்.

“வேண்டாம் மேடம். எங்க பட்டறையில ரப்பர் துண்டைக்கூட ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் ஒதுக்குவோம். இதுக புள்ளைங்க. எல்லாருக்கும் மறுபடி பரீட்சை வைங்க. அப்பவும் எம்மக தேறலன்னா நான் வாயே திறக்க மாட்டேன்.” அரைகுறை மராத்திதான், ஆனால் வராந்தா வரைக்கும் கேட்டது. தாய்மார் அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

கணபதி விழாவுக்கு முன்னால் மறுபரீட்சை நடந்தது. ‘சி’யில் பாதிக்கு மேல் தேறியது. கணக்கில் பள்ளிக்கே முதல், ராஜி! பாத்திமாவின் மகன் மட்டும் இந்தத் தடவையும் தட்டுத்தடுமாறினான். பவுன் விடுவாளா?

“பின்தங்கினவனுக்குத்தானே மேடம் கூடுதல் வகுப்பு வேணும்?”

ஷீலா மேடம் மறுவாரம் பிரிவுகளைக் கலைத்து, ஸ்காலர்ஷிப் வகுப்பு எல்லாருக்கும் என்று அறிவித்தாள். பவுன் பட்டறை முழுக்கப் பேடா கொடுத்தாள்.

“எனக்கு அப்பவே தெரியும்,” என்றான் துரைசாமி.

“தெரியும், தெரியும்!” என்று ஒரு பேடாவை அவன் வாயில் திணித்தாள்.

அடுத்த வருஷம் ஊர்க் கொடையில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. ஷீலா மேடம்!

“பவுன் தாயி, எல்லாரும் எப்போ வந்து சேருவீங்க? யாருக்கு எதில கூடுதலாச் சொல்லித்தரணும்னு பார்க்க ஒரு பரீட்சை இருக்கு. பிள்ளைங்க வந்து நல்லாத் தூங்கி எழுந்த பிறகுதான் அதுக்குத் தேதி வைக்கணும்.”

பவுனுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

“டிக்கெட் இன்னும் வெயிட்டிங் லிஸ்ட்லதான் மேடம் இருக்கு,” என்று மேளத்துக்கு மேல் கத்தினாள். “கொஞ்சம் பொறுங்க, கன்ஃபர்ம் ஆனதும் சொல்றேன்!”