கத்தி படக்கூடாத கட்டி

பின்கழுத்தில், தாலிக்கயிறு உரசும் இடத்தில் அது இருந்தது. எனக்குத் தெரியாது. பருத்தி எடுக்கும்போது எனக்குப் பின்னால் வந்தவள்தான், "ஏடி, கழுத்துல பருத்திக்கொட்டை ஒட்டிருக்கு" என்று நகத்தால் தட்டிவிட்டாள். கொட்டை உதிரவில்லை. ரத்தம் வந்தது.

அன்று பிடித்தது பயம். நான் எதற்கும் பயப்படுகிறவள். பஸ் தாமதமானால் எங்கேயோ கவிழ்ந்துவிட்டதென்று நினைப்பேன். வீட்டுக்காரர் போனை எடுக்காவிட்டால் பாம்பு கடித்துவிட்டதென்று நினைப்பேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், படித்துத் தெளிய வழியில்லை. அதனால் கேட்பேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் கழுத்தைக் காட்டிக் கேட்டேன்.

குறைவில்லாமல் சொன்னார்கள். உடம்புச்சூடு என்றார்கள். கயிறு சேரவில்லை என்றார்கள். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு களிம்பு தந்தார். என் மாமியார் மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டினார். உப்பு கரைகிற மாதிரி கட்டியும் கரைந்துவிடுமாம். ஒரு மழை பெய்தது, உப்பு மட்டும் கரைந்தது.

பிறகு குதிரை முடி. மருவின் அடியில் குதிரைவால் முடியை இறுக்கிக் கட்டினால் காய்ந்து உதிரும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். குதிரைக்கு எங்கே போவது? திருச்சுழியில் ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு வந்த குதிரையின் வாலில் முடியைப் பிடுங்கி, முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார் மாமியார்.

"ஒதைச்சிருந்தா என்னத்தே பண்ணுவீக?"

"ஒனக்காக ஒதையும் வாங்குவேன். திரும்பி ஒக்காரு."

பாசந்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மருவுக்குக் காம்பு இருக்கும். என் கட்டி தோலோடு தோலாக அகலமாக உட்கார்ந்திருந்தது. முடி நிற்கவே இல்லை. இறுக்க இறுக்க அறுத்தது. புண்ணாகி, தலையணை உறையெல்லாம் கறை.

அருப்புக்கோட்டைக்குப் போனேன். தோல் டாக்டரம்மா முடியை வெட்டி எடுத்தார். திட்டவில்லை. "பாத்து மட்டும் என்னன்னு சொல்ல முடியாதும்மா. கட்டிய எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்" என்றார்.

வீட்டில் சொன்னதும் மாமியார் வாயில் அடித்துக்கொண்டார். "கட்டியில கத்தி படக்கூடாதுத்தா! பட்டா ஒடம்பு முழுக்க ஓடிரும். சும்மா கெடக்குறத எதுக்குக் கெளப்புற?"

"இவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று சிரித்தார் வீட்டுக்காரர்.

எனக்குச் சுருக்கென்றது. ஆமாம், பயந்தான். அது கெட்ட கட்டியாக இருந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அதைத் தெரிந்துகொள்ள இவர்களுக்குப் பயம். என்னுடையதற்குப் பெயர் பயம், இவர்களுடையதற்குப் பெயர் புத்தியா?

மறுநாள் காலையில் சோறு வடித்து வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டுக்காரர் போன் செய்தார்.

"எங்க இருக்க?"

"டவுனுல. கட்டிய எடுக்கப் போறேன்."

"அம்மாட்ட நான் என்னன்னு சொல்ல?"

"இவளுக்குப் பயம், அதான் போய்ட்டான்னு சொல்லுங்க."

உள்ளே நர்ஸம்மா, "கயித்தக் கழட்டணுமேம்மா. மஞ்சக்கெழங்கு கட்டிட்டு வரலையா?" என்று கேட்டார். ஆபரேஷனுக்குப் போகிற பெண்கள் தாலியைக் கழற்றும்போது, அதற்குப் பதிலாக மஞ்சள் துண்டை நூலில் கோத்துக் கட்டிக்கொள்வார்கள். வீட்டில் பெரியவர்கள் கட்டிவிடுவது அது. திருட்டுத்தனமாக வந்தவளுக்கு யார் கட்டுவது?

"கூட வந்தவுக யாரு?"

"யாரும் இல்ல. கழுத்து என்னோடது, நான் வந்துருக்கேன்."

நானே கழற்றினேன். கண்ணில் ஒற்றி, உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டேன். குப்புறப் படுத்தேன். ஊசி குத்தியதும் அம்மாவென்று கத்தினேன். எழுந்து ஓடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாமியார் கழுத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார், கழற்றி மாட்டிய கயிற்றையும் பார்த்தார். ரிசல்ட்டு வரும்வரை என்னோடு பேசவில்லை. அந்த நாட்களில் நானும் சரியாகச் சாப்பிடவில்லை.

கேன்சர் இல்லை என்று வந்தது. "அப்ப ஏம்மா வந்துச்சு?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெரியலம்மா. சில பேருக்கு வரும். திரும்ப மொளச்சா வந்து காட்டுங்க" என்றார்.

மாமியாருக்கு அன்றுதான் வாய் திறந்தது. "நாந்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல? வீணா கழுத்த அறுத்துக்கிட்டு வந்து நிக்கிறா."

"நீங்க சொன்னது நெனப்புத்தே. இப்பத்தான தெரியுது."

"ஆமா, பெரிய டாக்டரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்றைக்கும் காலையில் எழுந்ததும் என் விரல் பின்கழுத்துக்குத்தான் போகிறது. தழும்பைச் சுற்றித் தடவித் தடவிப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரித்துவிட்டுப் போகட்டும். அங்கே ஏதாவது தட்டுப்பட்டால் நான் திரும்பவும் பஸ் ஏறுவேன். இந்தத் தடவை சொல்லிவிட்டே ஏறுவேன்.