மரியாதைக்குரிய பாத்ரூம்

என் கணவர் சிகரெட் பிடிப்பார். ஆனால் எங்கள் வீட்டு வழக்கப்படி அவர் பிடிப்பதில்லை. கல்யாணமாகி கோட்டுச்சேரிக்கு வந்த முதல் மாதத்தில் இது எனக்குப் புரியவேயில்லை. முப்பத்திரண்டு வயது மனிதர், காரைக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை, கீழே பத்துப் பேருக்கு உத்தரவு போடுகிறவர், அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் பள்ளிக்கூடப் பையனாகிவிடுவார். அப்பா முன்னால் பிடிப்பது மரியாதை இல்லை. அப்பாவுக்கு மணம் போகிற தூரத்தில் பிடிப்பதும் மரியாதை இல்லை.

மாமனாருக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காலையும் மாலையும் பீடி பிடிப்பார். ஆகவே கொல்லை அவருடையது. வாசலில் தெரு, தெரு முழுக்கச் சொந்தக்காரர்கள். டீக்கடையில் மாமனாரின் கூட்டாளிகள். வீட்டில் மிச்சமிருந்த ஒரே இடம் மாடியில் எங்கள் அறையை ஒட்டிய பாத்ரூம். அங்கேதான் என் கணவர் தினமும் மூன்று முறை அப்பாவுக்கு மரியாதை செலுத்தினார்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள். எதையும் நோண்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் புகையை ஒரு வருடம் நோண்டவேயில்லை என்பதை இன்று நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. கர்ப்பமானதும்தான் மூக்கு விழித்துக்கொண்டது. அடுத்த தெருவில் கருவாடு வறுத்தால் எனக்குக் குமட்டும். பாத்ரூம் கதவு சாத்தியிருக்கும்போதே உள்ளே தீக்குச்சி உரசியாயிற்று என்று சொல்லிவிடுவேன்.

ஐந்தாம் மாதப் பரிசோதனைக்கு அத்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அத்தை என்றால் மாமியார். பதிவு எழுதிய நர்ஸம்மா வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்து, "வூட்டுல யாராவது பொகை புடிக்கிறாங்களா?" என்றார்.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்தார்.

"மாமா மட்டும். அவங்களும் கொல்லையிலதான்," என்றேன்.

பொய் சொல்கிறோம் என்றே அப்போது தோன்றவில்லை. மாமியாரை வைத்துக்கொண்டு அவர் பிள்ளையின் மானத்தை வாங்கக் கூடாது, அவ்வளவுதான். என் கை வயிற்றின் மேல் இருந்தது.

நர்ஸம்மா அதை எழுதிக்கொண்டார். பிறகு காத்திருந்த எங்கள் எல்லோருக்கும் பொதுவாகவே சொன்னார்: "புடிக்கிறவங்களுக்கு மட்டும்தான் கேடுன்னு நெனைக்காதீங்க. பக்கத்துல இருக்குற நீங்க இழுக்குற மூச்சுலயும் அது வருது. உங்க ரத்தத்துல கலந்து தொப்புள்கொடி வழியா புள்ளைக்குப் போவுது. புள்ளைக்குப் போற பிராணவாயு கொறையும். எடை கொறஞ்சு பொறக்கலாம், மாசம் ஆவாமப் பொறக்கலாம், சிலதுக்குத் தங்காமலும் போவலாம். ஜன்னலத் தொறந்து வச்சேன், ஃபேனப் போட்டேன்னு என்கிட்ட யாரும் வராதீங்க."

ஜன்னல் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் பாத்ரூமில் ஜன்னல் உண்டு, கிழக்குப் பார்த்தது. சாயங்காலம் கடல் காற்று கிழக்கிலிருந்துதான் வரும். அப்படியானால் புகை ஜன்னல் வழியாக வெளியே போகிறதா, காற்று அதைப் பிடித்து உள்ளே தள்ளுகிறதா? பேருந்தில் வீடு திரும்பும்வரை இதே யோசனை. அத்தை இரண்டு முறை ஏதோ கேட்டார், காதில் விழவில்லை.

அன்று சாயங்காலமே சோதித்துப் பார்த்தேன். ஒரு மல்லிகை ஊதுபத்தியைக் கொளுத்தி, கணவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் ஜன்னல் விளிம்பில் செருகிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கட்டிலில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். முப்பதைத் தாண்டுவதற்குள் மல்லிகை வாசம் வந்துவிட்டது. குனிந்து பார்த்தால், கதவின் அடி இடுக்கு வழியாக மெல்லிய புகை தரையோடு தரையாக வந்து, ஃபேன் காற்று பட்டதும் மேலே எழும்பி, நேராக நான் படுக்கிற பக்கமே போயிற்று. ஒரு நிமிடம் ஆச்சரியத்தில் எல்லாமே மறந்து போனது. இவ்வளவு ஒழுங்காக வழி தெரிந்து வருகிறதே! பிறகுதான் அது எங்கே வருகிறது என்பது உறைத்தது. ஓடிப்போய் ஊதுபத்தியைத் தண்ணீரில் முக்கினேன். அதுவும் புகைதானே.

கணவர் வந்ததும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. நல்ல மனிதர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"டீக்கடையில புடிச்சுக்கிறேன்," என்றார்.

மூன்று நாள் போனார். நாலாம் நாள் மாமனாரின் கூட்டாளி ஒருவர் "என்னா தம்பி" என்று தோளில் தட்டியிருக்கிறார். அன்றைக்கே திரும்பப் பாத்ரூம். கதவிடுக்கில் ஈரத் துண்டைச் செருகிக்கொண்டார். துண்டைத் தாண்டியும் வந்தது.

"ஏங்க, கொல்லைக்குப் போங்களேன்."

"அப்பா இருக்காங்க."

"புள்ளயவிடவா?"

விட்டுவிடுகிறேன், விட்டுவிடுகிறேன் என்றுதான் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. பரிசோதனையில் குழந்தை வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கியிருப்பதாகச் சொன்னார்கள். காரணம் எதுவாகவும் இருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

மறுநாள் சாயங்காலம் நேராகக் கொல்லைக்குப் போனேன். மாமனார் என்னைக் கண்டதும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"மாமா, அவங்க மேல பாத்ரூம்ல சிகரெட் புடிக்கிறாங்க. கதவச் சாத்துனாலும் பொகை ரூமுக்கு வருது. புள்ளைக்கு ஆவாதாம். நீங்கதான் சொல்லணும்."

வீடு இரண்டாகும் என்று எதிர்பார்த்தேன். அவர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "தெரியும்மா," என்றார். "காலேஜ் படிக்கிறப்பவே தெரியும். எனக்கு முன்னாடி புடிக்கலயே, அந்தமட்டும் மரியாதை வச்சிருக்கானேன்னு சும்மா இருந்துட்டேன். உங்க அத்தைக்கும் தெரியும்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"ஆஸ்பத்திரியில என்னா சொன்னாங்க?"

சொன்னேன். எடை, மாதம், தங்காமல் போவது, எல்லாம். மாட்டைத் தடவிய கை நின்றுவிட்டது.

"இவனுக்கு முன்னாடி ஒரு பொண்ணும்மா. எட்டாம் மாசமே பொறந்துட்டு. ரெண்டு நாள்தான் இருந்துச்சு. அப்பல்லாம் நான் கட்டில்ல படுத்துக்கிட்டேதான் பீடி குடிப்பேன். உங்க அத்தை பக்கத்துல படுத்திருப்பா. ஒரு வார்த்தை சொன்னதில்ல." மாட்டை விட்டு என் பக்கம் திரும்பினார். "அது இதனாலதானாம்மா?"

எதற்கும் கேள்வி கேட்கிறவள் நான். இப்போது பதில் சொல்ல வேண்டியவளானேன். அவரைப் பார்க்க மனசு வலித்தது.

"ஒரு புள்ளைக்கு இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது மாமா," என்றேன். அதுதான் உண்மை. ஆனால் அது அவருக்குப் போதவில்லை.

குழாயடியில் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். மாடிப்படி ஏறினார். எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவர் மாடிக்கு வந்ததே இல்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். கணவர் ஆபீஸ் விட்டு வந்து பாத்ரூமுக்குள் இருந்தார். மாமனார் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"நான்தாண்டா, அப்பா."

உள்ளே அவசரமாகக் குழாய் திறக்கிற சத்தம். "குளிக்கிறேம்பா."

"கையில இருக்கறதோட வெளிய வா. இனிமே புடிக்கணும்னா கொல்லையில எனக்கு முன்னாடியே நின்னு புடி. இந்த மரியாதை எனக்கு வேணாம்டா."

குழாய் நின்றது. கதவு திறந்தபோது மாமனார் தன் மகனைப் பார்க்கவில்லை. என் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.